பள்ளி மைதானத்து டெட்ராய்ட் சிட்டி

டெட்ராய்ட் நகரின் கார்க்டவுன் பகுதியில், எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பான டெட்ராய்ட் சிட்டி எஃப்சிக்குப் புது அரங்கம் வருகிறது என்ற செய்தி வெளியானதிலிருந்து, அலுவலகத்திலும் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்வி: "இந்த டீம் எப்பண்ணே இவ்வளவு பெருசாச்சு?" பல வருடங்களாகப் பாழடைந்து கிடந்த ஒரு மருத்துவமனை நின்ற இடத்தில் கட்டுகிறார்கள். 2027இல் திறக்கத் திட்டம். சுமார் 15,000 பேர் உட்காரலாம். கேட்கிறவர்களில் பலர் ட்ராய், நோவை, கேன்டன் போன்ற புறநகர்ப் பக்கம் குடிவந்து நாலைந்து வருடம் ஆனவர்கள். அவர்களுக்குத் தெரிந்த டெட்ராய்ட் சிட்டி, யுஎஸ்எல் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் டிவிஷன் லீக்கில் ஆடும் தொழில்முறை அணி. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்காத காலம். மைதானம் ஒரு உயர்நிலைப் பள்ளியுடையது. 2012 முதல் 2016 வரையிலான அந்தக் கோடைகள்தான் இந்த ஊரோடு என்னை ஒட்டவைத்தன.

ஐரோப்பாவில் ஒரு சின்ன கிளப் ஜெயித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு டிவிஷனாக மேலே ஏறலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு ஏணியே கிடையாது. நாட்டின் முதல் டிவிஷன் லீக்கான எம்எல்எஸ்ஸில் இடம் வேண்டுமென்றால் பணம் கட்டி வாங்க வேண்டும். 2016 கடைசியில் அந்த நுழைவுக் கட்டணத்தை 15 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். டெட்ராய்ட் சிட்டி 2012இல் சேர்ந்தது நேஷனல் பிரீமியர் சாக்கர் லீக்கில். என்பிஎஸ்எல் என்பார்கள். பேச்சுவழக்கில் அதை நாலாவது டிவிஷன் என்பது வழக்கம். மே மாதம் தொடங்கி, ப்ளேஆஃப் போகாவிட்டால் ஜூலையிலேயே சீசன் முடிந்துவிடும். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடும் என்பதால் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆகஸ்டில் கல்லூரிப் பயிற்சி தொடங்கும்போது எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த மே மாதம் பாதி அணி புதுமுகமாக இருக்கும்.

அதாவது, ஜெயித்தாலும் மேலே போக வழியில்லை, நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் அவன் அடுத்த வருடம் வருவானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்படி ஒரு லீக்கில் ஒரு அணிக்காக யார் உயிரை விடுவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் முதலில் போனேன் என்று சொல்ல மாட்டேன். உடன் வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்டார், போனேன். பதிலை அப்புறம்தான் பார்த்தேன்.

தொடக்கம் இன்னும் இரண்டு வருடம் பின்னால் இருக்கிறது. 2010இல் ஷான் மேன் என்பவர் டெட்ராய்ட் சிட்டி ஃபுட்பால் லீக் என்று ஒன்றை ஆரம்பித்தார். தொழில்முறை எல்லாம் இல்லை. டெட்ராய்ட் நகரத்தின் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு அணி, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம், ஆட்டங்கள் பெல் ஐல் தீவில். நகரத்துக்குள் குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் பழகிய நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, சரி, ஊர் முழுக்க ஒரே அணியாக ஒன்று இருக்கட்டும் என்று 2012இல் கிளப்பைத் தொடங்கினார்கள். கோடீஸ்வரர்கள் கிடையாது. வேறு வேறு வேலையில் இருந்தவர்கள். நிறம் மெரூனும் தங்கமும். செல்லப்பெயர் லெ ரூஜ், பிரெஞ்சில் சிவப்பு என்று அர்த்தம், பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர் என்பதன் நினைவாக. சின்னத்தில் டவுன்டவுனில் நகர அலுவலகக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பச்சைச் சிலை, ஸ்பிரிட் ஆஃப் டெட்ராய்ட்.

இதற்கு முன்னாலும் இங்கே கால்பந்து இருந்திருக்கிறது. 1978இல் டெட்ராய்ட் எக்ஸ்பிரஸ் என்ற அணி பான்டியாக் சில்வர்டோமில் ஆடியது. இங்கிலாந்தின் ட்ரெவர் ஃபிரான்சிஸ் அதில் ஆடியிருக்கிறார். பிரிட்டனில் முதன்முதலாகப் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன ஆட்டக்காரர் அவர். மூன்று சீசன், அவ்வளவுதான். 1981இல் அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அதே சில்வர்டோமில் 1994 உலகக் கோப்பையின் அமெரிக்கா–சுவிட்சர்லாந்து ஆட்டம் நடந்தது. உலகக் கோப்பை வரலாற்றில் கூரைக்கு அடியில் நடந்த முதல் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று டிரா. இப்போது அந்த அரங்கமே இல்லை, இடித்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கால்பந்து என்றால் வந்துவிட்டுப் போகிற ஒன்று. முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் 2012இல் நடந்தது எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும்.

கேஸ் டெக் உயர்நிலைப் பள்ளி டவுன்டவுனை ஒட்டி, ஃபிஷர் ஃப்ரீவே பக்கத்தில் இருக்கிறது. பாடகி டயானா ராஸ் படித்த பள்ளி. அதன் மைதானம்தான் டெட்ராய்ட் சிட்டியின் முதல் வீடு. செயற்கைப் புல், அதில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போட்ட கோடுகள். கால்பந்துக் கோடு எது என்று கண்ணுக்குப் பழகவே கொஞ்ச நேரம் ஆகும். உட்கார அலுமினியப் பெஞ்சுகள். ஜூன் மாதம் இங்கே ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். முதல் பாதி முழுக்கச் சூரியன் முகத்தில் அடிக்கும், இரண்டாம் பாதியில்தான் நிழல் மெல்ல வரும். பள்ளி வளாகம் என்பதால் உள்ளே பீர் கிடையாது. அமெரிக்காவில் பீர் விற்காமல் ஒரு விளையாட்டைப் பார்க்கக் கூட்டம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் சேர்ந்தது. முதல் வருடம் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் பேர். அதே லீக்கில் பல ஊர்களில் ஆட்டக்காரர்களின் அப்பா அம்மாவும் சில நண்பர்களும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து வருடத்துக்கு வருடம் ஏறி, 2015இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்தப் பள்ளி மைதானத்தில் ஆடிய கடைசி சீசனில் தாமதமாக வந்தால் பெஞ்சில் இடம் கிடைக்காது, கம்பி வேலி ஓரம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தின் இதயம் நார்தர்ன் கார்ட் என்ற ரசிகர் படை. அருகே ஒரு பாரில் கூடி, முரசு அடித்துக்கொண்டே ஊர்வலமாக மைதானத்துக்கு நடந்து வருவார்கள். முகத்தில் மண்டையோடு வரைந்தவர்கள், மெரூன் ஸ்கார்ஃப் கட்டியவர்கள், கொடி பிடித்தவர்கள். மைதானத்தின் ஒரு பக்கத்தை முழுக்க எடுத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். கோல் விழுந்தால் மெரூன் நிறப் புகை. எதிரணி கோல்கீப்பரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கெட்ட வார்த்தை நிறையவே உண்டு, மறைக்க விரும்பவில்லை. மகளை முதலில் கூட்டிக்கொண்டு போனபோது எதிர்ப்பக்கம் குடும்பங்கள் உட்காரும் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. முழு நேரமும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அவங்க ஏன் உட்காரவே மாட்டேங்கிறாங்க?" என்றாள். அணி பின்தங்கியிருந்தபோதும் பாட்டு நிற்கவில்லை என்பதைத்தான் அவள் கவனித்திருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ரசிகர்கள், அந்தப் பக்கம் வியர்வையோடு பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள். கல்லூரியில் நூறு பேர் முன்னால்கூட ஆடியிராத பையனுக்கு இங்கே ஆயிரம் பேர் அவன் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் மிச்சிகனிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் இந்த அணிக்கு வர ஆசைப்பட்டதற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சைரஸ் சைதீ போல அமெச்சூர் காலத்திலிருந்து தொழில்முறைக் காலம் வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. லைபீரியாவிலிருந்து வந்த நடுக்கள ஆட்டக்காரர். பந்து அவர் காலுக்கு வந்தால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும்.

ஆட்டத்தின் தரம்? நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் சீசனில் பல ஆட்டங்கள் சுமார்தான். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது நிறைய. 2013இல் பென் பிர்மன் பயிற்சியாளராக வந்தபின் ஆட்டத்தில் ஒழுங்கு வந்தது. அந்த வருடமே லீக்குக்குள் எங்கள் வட்டாரப் பிரிவின் பட்டமும் வந்தது. ஆனால் என்பிஎஸ்எல்லில் இருந்த காலம் முழுவதிலும் நாடளாவிய பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜெயிப்பதுதான் கூட்டத்தைக் கொண்டுவரும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பக்கத்திலேயே இன்னொரு அணியைப் பாருங்கள். பான்டியாக்கில் மிச்சிகன் பக்ஸ். பிடிஎல் என்ற இன்னொரு நாலாம் டிவிஷன் லீக்கில் ஆடினார்கள். 2006, 2014, 2016 என்று மூன்று முறை லீக் சாம்பியன். 2000இல், அமெச்சூர் அணிகளும் தொழில்முறை அணிகளும் மோதும் யுஎஸ் ஓப்பன் கோப்பையில் எம்எல்எஸ்ஸின் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷனைத் தோற்கடித்தார்கள், 2012இல் சிகாகோ ஃபயரை. அமெச்சூர் அணிக்கு இவை சாதாரணச் சாதனைகள் இல்லை. ஆட்டத்தில் அவர்கள் நம்மைவிடப் பல படி மேலே. ஆனால் அவர்கள் ஆடியது புறநகரில் ஒரு உள்ளரங்கில், கூட்டம் சில நூறு. அதே போல கிளீவ்லாந்தில் ஏஎஃப்சி கிளீவ்லாந்து. டெட்ராய்ட் சிட்டி, எஃப்சி பஃபலோ, ஏஎஃப்சி கிளீவ்லாந்து மூன்றும் சேர்ந்து 2012இல் ரஸ்ட் பெல்ட் டெர்பி என்று தங்களுக்குள் ஒரு போட்டியை ஏற்படுத்தின. இரும்பும் காரும் செய்து ஓய்ந்த மூன்று ஊர்கள். கிளீவ்லாந்துக்காரர்கள் 2016இல் என்பிஎஸ்எல் தேசியப் பட்டத்தையே வென்றார்கள். இரண்டே வருடத்தில் அந்தக் கிளப் இல்லாமல் போனது. எனக்கு அது உண்மையான வருத்தம். அவர்களோடு ஆடுகிற நாளில்தான் கேஸ் டெக்கில் சத்தம் உச்சத்தில் இருக்கும்.

டெட்ராய்ட் சிட்டி பிழைத்ததற்கு என்ன காரணம் என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். என் கணக்கு இது: தொடங்கிய நாளிலிருந்தே அவர்கள் தங்களை நாலாம் டிவிஷனாக நினைத்துக்கொள்ளவில்லை. ஸ்கார்ஃப், சட்டை, சுவரொட்டி, இணையத்தில் ஆட்ட ஒளிபரப்பு எல்லாவற்றிலும் ஒரு பெரிய கிளப்பின் அக்கறை இருந்தது. அதே நேரம் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். 2012இல் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி ஆபர்ன் ஹில்ஸில் ஆடிக்கொண்டிருந்தது, டெட்ராய்ட் என்று சட்டையில் இருக்கும், நகரத்துக்கு வெகு தூரம் வடக்கே. இந்தச் சின்ன அணியோ நகரத்தின் நடுவில், நகரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்.

2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு கொடுத்தது. சுமார் 1,800 கோடி டாலர் கடன். அமெரிக்காவில் ஒரு நகரம் இவ்வளவு பெரிய அளவில் திவாலானது அதுதான் முதல் முறை. அலுவலகத்தில் எல்லார் முகமும் தொங்கியிருந்தது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "டிவியில காட்டுறாங்க, உங்க ஊரையே வித்துடுவாங்களாமே" என்று கேட்டார். தெருவிளக்குகள் எரியாத தெருக்கள், ஓய்வூதியம் என்ன ஆகும் என்று தெரியாத நகராட்சி ஊழியர்கள், அருங்காட்சியகத்தின் ஓவியங்களை ஏலம் விடலாமா என்ற பேச்சு. வெளியூர்ப் பத்திரிகைகள் பாழடைந்த கட்டடங்களைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் கோடையில் கேஸ் டெக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் தன் பென்ஷனில் எவ்வளவு வெட்டுவார்களோ என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் கார்னர் கிடைத்ததும் எழுந்து நின்று ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தப் பெயரைச் சத்தமாகவும் பெருமையாகவும் சொல்ல அவருக்கு அந்த வாரம் வேறு இடம் இருந்திருக்காது.

கேஸ் டெக் சிறியதாகிவிட்டது என்பது 2014லேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வீடாக அவர்கள் கண்டுபிடித்தது ஹாம்ட்ராமிக்கில் கீவொர்த் ஸ்டேடியம்.

ஹாம்ட்ராமிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நாலு பக்கமும் பெரும்பாலும் டெட்ராய்ட் சூழ்ந்த, சுமார் இரண்டு சதுர மைல் மட்டுமே உள்ள தனி நகரம். டாட்ஜ் மெயின் கார் ஆலைக்கு வேலைக்கு வந்த போலந்துக்காரர்கள் வளர்த்தது. 1980இல் ஆலை மூடப்பட்டது. அப்புறம் யேமன்காரர்களும் வங்கதேசத்தவர்களும் வந்து வீடுகளை வாங்கிச் சரிசெய்து குடியேறினார்கள். ஜோசஃப் கம்போ தெருவில் போலிஷ் பேக்கரியும் யேமன் உணவகமும் ஒரே வரிசையில் இருக்கும். கோனன்ட் தெருவுக்குப் போனால் பெயர்ப்பலகை எல்லாம் வங்காளத்தில். கால்பந்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத ஊர்.

கீவொர்த், ரூஸ்வெல்ட்டின் பொது வேலைத் திட்டமான டபிள்யூபிஏவில் கட்டப்பட்டது. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டவைத்தார்கள். 1936 அக்டோபரில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். எண்பது வருடத்தில் கான்கிரீட் படிகள் உளுத்துப்போய், சில பகுதிகளில் யாரையும் உட்கார விடாமல் மூடிவைத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஹாம்ட்ராமிக் பள்ளி மாவட்டம், அவர்களிடம் பழுது பார்க்கப் பணம் இல்லை. வங்கிகள் நாலாம் டிவிஷன் அணிக்குக் கடன் தருமா? கிளப் ரசிகர்களிடமே கேட்டது.

மிச்சிகனில் 2013இல் ஒரு சட்டம் வந்திருந்தது. சின்ன நிறுவனங்கள் மாநிலத்தில் வசிக்கும் சாதாரண மக்களிடமிருந்து நேரடியாக முதலீடு திரட்டலாம். அதன்படி கிளப் ஒரு திட்டம் போட்டது: நீங்கள் பணம் கொடுங்கள், ஸ்டேடியத்தைச் சரிசெய்கிறோம், வருமானத்தில் ஒரு பங்கை உங்களுக்குத் திருப்பித் தருகிறோம். வீட்டில் சொன்னேன்.

"ஸ்டேடியம் கிளப்போடதா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல, ஸ்கூலோடது."

"அப்ப நம்ம காசுல ஸ்கூலோட ஸ்டேடியத்தைச் சரிபண்ணப் போறாங்க."

"ஆமா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பரவால்ல, குடு. பிள்ளைங்க விளையாடுற இடம்தான" என்றாள்.

எங்களுடையது சின்னத் தொகைதான். மொத்தமாக ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். 2016 பிப்ரவரியில் கணக்கை மூடியபோது சேர்ந்திருந்தது 7,41,250 டாலர். கூரை போட்ட அரங்கமோ பெரிய திரையோ அதில் வராது. உளுத்த படிகளைப் பலப்படுத்த, உடைமாற்றும் அறை, கழிப்பறை, விளக்குகள் இவற்றைச் சரிசெய்யத்தான். வசந்தகால வார இறுதிகளில் ரசிகர்களே போய்ச் சுத்தம் செய்தார்கள், பெயின்ட் அடித்தார்கள். என் கையிலும் பல நாள் மெரூன் பெயின்ட் ஒட்டியிருந்தது. சீசன் முடிந்தால் பள்ளி மாணவர்கள் ஆட அந்த மைதானம் அங்கேயே இருக்கும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெருமை.

இதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. 2016 ஏப்ரல் கடைசியில் டான் கில்பர்ட்டும் டாம் கோர்ஸும், அதாவது கிளீவ்லாந்து, டெட்ராய்ட் கூடைப்பந்து அணிகளின் முதலாளிகள், டெட்ராய்டுக்கு எம்எல்எஸ் அணி கொண்டுவரப்போவதாக அறிவித்தார்கள். எம்எல்எஸ் தலைவர் டான் கார்பர் பக்கத்தில் நின்றார். டவுன்டவுனில் பாதியில் நின்றுபோன சிறைச்சாலைக் கட்டடத்தின் இடத்தில் 100 கோடி டாலர் செலவில் அரங்கமும் கட்டடங்களும். இந்தியாவிலிருந்து பேசிய நண்பர்கள் வாழ்த்துச் சொன்னார்கள், "இனிமே உனக்கு நிஜ டீம் வரப்போகுது" என்று. எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. முகம் தெரிந்த ஆட்டக்காரர்கள், பெயர் தெரிந்த பக்கத்து இருக்கைக்காரர்கள், நாங்கள் பெயின்ட் அடித்த படிகள், இதைவிட நிஜமாக ஒன்று எப்படி இருக்கும்? எம்எல்எஸ் வரக்கூடாது என்று எனக்குப் பகை இல்லை. ஆனால் நாலு வருடமாக இந்த ஊரில் கால்பந்தைத் தூக்கிச் சுமந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மேலிருந்து இறக்குவது சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்தத் திட்டம் பிறகு இடம் மாறி, டவுன்டவுனில் இருக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் அரங்கமான ஃபோர்ட் ஃபீல்டில் ஆடலாம் என்று ஆகி, கடைசியில் நடக்கவே இல்லை.

2016 மே 20, வெள்ளிக்கிழமை. கீவொர்த்தில் முதல் ஆட்டம். வந்தவர்கள் 7,410 பேர். நாலாம் டிவிஷன் அமெச்சூர் ஆட்டத்துக்கு!

ஜோசஃப் கம்போவில் வண்டி நிறுத்த இடமே இல்லை. வீட்டு வாசல்களில் யேமன் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் முரசுக்குப் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளே போனால் ஒரு பக்கம் முழுக்க மெரூன். எனக்கு முன்வரிசையில் ஒரு போலிஷ் பெரியவர், வயது எண்பதுக்குப் பக்கம் இருக்கும். பள்ளிக் காலத்தில் இதே மைதானத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவராம். கால்பந்து விதிகள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆஃப்சைடை என் மகள்தான் விளக்கினாள். பாதி ஆட்டத்துக்கு மேல் அவர் ஆட்டத்தைவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் படிகள் நிறைஞ்சு நான் பார்த்து ஐம்பது வருஷம் இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் செய்திகளில் கிடைக்கும். 2018 மே மாதம் ஜெர்மனியிலிருந்து எஃப்சி சாங்ட் பவுலி வந்து கீவொர்த்தில் ஆடியது. இனவெறிக்கு எதிராக நிற்கும் ரசிகர்கள் என்ற முறையில் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் பார்க்க நன்றாக இருந்தது. 2020இல் நிசா என்ற மூன்றாம் டிவிஷன் லீக்கில் தொழில்முறை அணியானார்கள், பெண்கள் அணியும் தொடங்கியது, கிளப்பின் பங்குகளில் ஒரு பகுதியை ரசிகர்களுக்கே விற்றார்கள். 2022இல் யுஎஸ்எல் சாம்பியன்ஷிப். அந்த ஏப்ரலில் ஓப்பன் கோப்பையில் கொலம்பஸ் க்ரூவை, 2020இல் எம்எல்எஸ் கோப்பையை வென்ற அணியை, இதே கீவொர்த்தில் 2–1 என்று தோற்கடித்தார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கினால் நியாயம் ஆகாது.

புது அரங்கம் பற்றி என்ன நினைக்கிறேன் என்றும் சிலர் கேட்டீர்கள். சந்தோஷம்தான். கார்க்டவுன் நகரத்துக்குள்ளேதான் இருக்கிறது. ஷான் மேனும் அவருடன் தொடங்கியவர்களும் இன்னும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆனால் ஹாம்ட்ராமிக் பிள்ளைகள் வீட்டு வாசலிலிருந்து நடந்து ஆட்டத்துக்கு வந்த அந்த வசதி போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்குக் கார்க்டவுனுக்குப் பஸ்ஸும் மலிவு டிக்கெட்டும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று கிளப்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிற மற்ற ரசிகர்களும் எழுதினால் நல்லது.

இன்னும் கீவொர்த்தைப் பார்க்காதவர்கள் அங்கே ஆட்டம் நடக்கும்போதே ஒருமுறை போய்விடுங்கள். ஆட்டம் ஏழரைக்கு என்றால் ஆறு மணிக்கே ஹாம்ட்ராமிக் வந்துவிடுவது நல்லது, தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். கோனன்ட் தெருவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே வரலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முரசு கேட்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், புகை கண்ணில் படாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் அவர்களே அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்பார்கள். என் மகள் கேட்டாள். இப்போது அவள் அங்கேதான் நிற்கிறாள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுடைய பையைப் பார்த்துக்கொள்கிறேன்.